காதக்காவின் கம்பி

இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தொட்டியின் அடிவளைவில் ஊன்றி, மறுமுனையைக் காதில் அழுத்திக்கொண்டு குந்தியிருக்கிறார் காதக்கா. கண் மூடியிருக்கிறது. இந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் தொலைந்தோம். இந்த மருந்துத் தொழிற்சாலையில் அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான்.

திரவத்தில் மருந்துத் துகள்கள் சுழன்றால் கம்பியில் சரசரவென்று கேட்குமாம். அடியில் படுத்துவிட்டால் சத்தமே இருக்காது. முன்பொருமுறை, பத்து நிமிடம்தானே என்று கலக்கியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வருவதற்குள் சரக்கு இறுகிவிட்டது, மறுபடி ஓட்டியதும் கலக்கியின் தண்டு வளைந்தது. மூன்று நாள் மண்வெட்டியும் கையுமாக அவரே உள்ளே இறங்கித் தோண்டினார். அன்றிலிருந்து சாப்பாடு தொட்டியடியில்தான். "என்னைக் கட்டினதுக்கு அந்தத் தொட்டியையே கட்டியிருக்கலாம்" என்பது அவர் கணவரின் நிரந்தரப் புலம்பல்.

இன்று பெரிய தொட்டிக்கு முதல் சரக்கு, எட்டாயிரம் லிட்டர். சோதனைக்கு வைத்த வாளியளவுத் தொட்டியில் கலக்கி நிமிடத்துக்கு முந்நூறு சுற்று சுற்றியது. இதற்கு நாற்பது போதும் என்றார் மேலாளர். இதன் இறக்கை பெரிது, அதன் நுனி சின்னத் தொட்டியில் ஓடிய வேகத்தைத் தாண்டினால் துகள் உடைந்துவிடும் என்பது அவர் பயம். உடைந்தால் மொத்தச் சரக்கும் குப்பைக்கு.

"சார், நாப்பதுல துகளைத் தூக்காது. அம்பத்தஞ்சு வேணும்."

"பொடிஞ்சிச்சுன்னா?"

"படுத்துட்டா மட்டும் பரவால்லியா?"

மேலாளருக்கு முகம் சிவந்தது. "நாப்பதுதான். மீறி ஏத்தினீங்கன்னா நாளைக்கு வேலைக்கு வர வேணாம்மா."

நாற்பதில் ஓடத் தொடங்கியது. மேலே பார்த்தால் பால்போல ஒரே சீராகக் கலங்கியிருந்தது. உதவிக்கு நின்ற எனக்கே மேலாளர் சொன்னதுதான் சரியென்று பட்டது. காதக்காவின் நெற்றி மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது. "ஓரத்துல சத்தம் போச்சு" என்றார். கொஞ்ச நேரத்தில், "நடுவுலயும் குறையுது."

காதக்கா யாரையும் கேட்காமல் எழுந்து போய் வேகத் திருகைத் திருப்பினார். நாற்பத்தைந்து. ஐம்பது. ஐம்பத்தைந்து. மோட்டார் உறுமியது. மேலாளர் ஓடி வந்து, "என்னம்மா பண்றீங்க!" என்று கத்தினார்.

அடிக்குழாயைத் திறந்து கொஞ்சம் சரக்கைக் கண்ணாடித் தகட்டில் பிடித்தார் காதக்கா. துகள் முழுசா, நொறுங்கியதா என்று அவர் பார்க்கவில்லை. தகட்டையும் உருப்பெருக்கியையும் மேலாளர் கையில் திணித்துவிட்டு, மறுபடி குந்தி, கம்பியைக் காதில் வைத்துக்கொண்டார்.

மேலாளர் குனிந்து பார்த்தார். "ஒண்ணும் பொடியலியே" என்றார். பிறகு உருப்பெருக்கியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காதக்காவின் பக்கத்தில் மெதுவாகக் குந்தி, கம்பிக்காகக் கையை நீட்டினார்.