செக்கிங் நாளில் ஒரு பால்காய்ப்பு

இன்றைக்கும் யாராவது எனக்கு வேட்டி துண்டு கொடுத்தால் முதலில் கோபம்தான் வருகிறது. காரணம், பழங்காநத்தத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிற மாடி வீடு. அதன் சுவர் முழுக்க நான் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்தது.

நான் அகதி முகாமில் இருக்கிறவன். அம்மா என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு மன்னாரிலிருந்து படகேறி வந்தாள். நான் பிறந்தது மதுரை அரசு ஆஸ்பத்திரியில். படித்தது, காதலித்து உதை வாங்கியது, கல்யாணம் கட்டியது எல்லாமே மதுரையில். இலங்கையை வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் மாதம் இரண்டு தடவை, காலை பத்து மணிக்கு, அதிகாரி முன்னால் வரிசையில் நின்று நான் இருக்கிறேன் என்று காட்ட வேண்டும். முகாமில் அதற்கு செக்கிங் என்று பெயர். தவறினால் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். பெயர் போனால் இருக்கிற பத்தடி வீடும் போகும்.

அந்த மாடி வீட்டுக்காரர் நல்ல மனிதர். அதுதான் எனக்கு எரிச்சல். "உங்க ஆளுக கைவேலைக்கு இங்கன எவனும் கிட்ட வர முடியாது தம்பி" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லுவார். ஒருநாள் கையில் லட்டு டப்பாவோடு வந்தார். கனடாவில் இருக்கிற மகனுக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டதாம்.

"ஆறே வருசம் தம்பி!" என்று போனை நீட்டினார். அதில் மகன் கோட்டு போட்டுக்கொண்டு, கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்துக்கொண்டிருந்தான். "ஆனா அந்த ஊர்க்காரனுகளுக்கு வயித்தெரிச்சலப் பாரு. வெளிய இருந்து வந்தவன்லாம் வேலையப் புடுங்குறான், திரும்பப் போகச் சொல்லுங்கங்கிறானுகளாம். எம் மகன் வரி கட்டல? எம்புட்டு ஒழைக்கிறான்!"

"நியாயந்தாண்ணே" என்றேன்.

லட்டை வாயில் போட்டுக்கொண்டே கேட்டார். "ஆமா, நீங்கள்லாம் எப்பத் தம்பி கெளம்புறீக? அங்கதான் சண்ட முடிஞ்சு போச்சுல்ல?"

ஒரே வாய்தான் இரண்டையும் பேசியது. என் வாய் என்ன செய்தது தெரியுமா? அவர் கொடுத்த லட்டைத் தின்றது. நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

புதுவீட்டுப் பால்காய்ப்பு அன்றைக்கு எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சொந்தபந்தம் கூடியிருக்கிற கூடத்தில் கொத்தனார், ஆசாரி, பெயிண்டர் என்று ஒவ்வொருவராக அழைத்து, இவர் இன்ன ஊர்க்காரர் என்று சொல்லி, தாம்பாளத்தில் வேட்டி துண்டு வைத்துக் கொடுப்பார்கள். அதுவரை நான் கூலிக்குப் போனவன், என்னை யாரும் கூப்பிட்டதில்லை. இந்த வீடுதான் நானே பேசி எடுத்த முதல் வேலை. 'மதுரைப் பெயிண்டர்' என்று நாலு பேர் முன்னால் ஒருத்தர் சொல்லிக் கேட்க எனக்கு ஆசை. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

பால்காய்ப்பு காலை ஆறு மணிக்கு. அன்றைக்கே செக்கிங்.

"செக்கிங் நாளில ஏன்டா போறாய்? ஒரு வேட்டிக்கோ?" என்றாள் அம்மா.

"எட்டு மணிக்கெல்லாம் வந்துருவேம்மா."

பால் ஆறு மணிக்கே பொங்கிவிட்டது. வேட்டி துண்டு மரியாதையை மட்டும் மகன் கனடாவிலிருந்து வீடியோ காலில் பார்க்க வேண்டுமாம். அவன் ஷிப்ட் முடிந்து வரவேண்டும். ஒன்பது மணிக்கு வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். "அட இரு தம்பி, ஒருநாள் போகலேன்னா குடியா முழுகிப் போகும்?" என்றார். எனக்கு முழுகும் என்று தெரியும். தெரிந்தேதான் நின்றேன்.

பத்தேகாலுக்கு மகன் போனில் வந்தான். வீட்டுக்காரர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். "கொத்தனாரு நம்ம திருப்பரங்குன்றம். ஆசாரி வண்டியூருக்காரரு." போன் என் முகத்துக்கு நேரே வந்தது. "இவரு கேம்ப்பு."

"இலங்கையில எந்த ஊருண்ணே?" என்றான் மகன்.

"மதுரைதான் தம்பி."

கூடமே சிரித்தது. மகன் மட்டும் சிரிக்கவில்லை. "என்னையும் இங்க தெனம் இப்படித்தாம்ப்பா கேக்குறாய்ங்க" என்றான். வீட்டுக்காரர் அவசரமாகப் போனைப் பூஜையறைப் பக்கம் திருப்பிவிட்டார்.

முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதிவேட்டை மூடிவிட்டார்கள். தாம்பாளத்தில் வாங்கிய வேட்டி துண்டோடு நின்ற என்னை அதிகாரி ஏற இறங்கப் பார்த்தார். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால்தான் பெயர் நிற்கும் என்றார். தாளை வாங்கினேன். பெயர், குடும்ப எண், சொந்த ஊர் என்று மேலே எழுதச் சொன்னார். சொந்த ஊர் என்ற இடத்தில் மதுரை என்று எழுதினேன்.

"வெளையாடுறியா?" என்று சிவப்பு மையால் அடித்துவிட்டு வேறு தாள் கொடுத்தார். "ஒழுங்கா எழுது. இல்லாட்டி பேர எடுத்துருவேன்."

அம்மா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் மன்னார் என்று எழுதிவிடுவேன். அதனால் பார்க்கவில்லை. அந்தத் தாளிலும் மதுரை என்றே எழுதி, கீழே அழுத்திக் கையெழுத்துப் போட்டேன்.