கொலுவில் ஒரு நாக்குமீன்

காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர்வீட்டு அம்மாளுக்குக் கழுத்தோடு கத்தரித்த நரைமுடி. அவர் வீட்டு மீன்தொட்டியை யார் தட்டினாலும் உடனே அவர் கை வந்து அந்த விரலைப் பிடித்துவிடும். தொட்டியில் அவர் வளர்த்தது நாக்குமீன்கள். தோசை மாதிரித் தட்டையாக மணலுக்குள் புதைந்து கிடக்கும். பார்க்கிறவர்களுக்கு வெறும் மணல்தான்.

ஐ.டி. சம்பளம் வந்த வீடுகளில் எல்லாம் வாஸ்துவுக்காகத் தங்கமீன் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்த நவராத்திரிக்கு அம்மாள் ஏழு படி கொலுவின் கீழே தொட்டியை வைத்திருந்தார். வெற்றிலை பாக்குக்கு வந்த மாடிவீட்டு மாமி அதைத் தெப்பக்குளம் என்று நினைத்து, கொலு பார்க்கிலிருந்த பிளாஸ்டிக் வாத்தை எடுத்து மிதக்கவிட்டார். மணல் எழுந்து நீந்தியது.

"ஐயோ, ரெண்டு கண்ணும் ஒரே பக்கம்! கொலுவில போய் இப்படி ஒரு கோணல் ஜென்மமா? அழகா ரெண்டு தங்கமீன் வாங்கி விடக் கூடாதா?"

"நக்கோ, வேணாம்," என்று வாத்தை எடுத்து மாமி கையிலேயே கொடுத்தார் அம்மாள். "தங்கமீன் உங்களை ஒரு கண்ணாலதான் பாக்கும். இது ரெண்டு கண்ணாலயும் பாக்குது. பிடிக்கலைன்னா நீங்க திரும்பி உக்காருங்க. அது திரும்பாது."

மாமி சுண்டல் வாங்காமலே போய்விட்டார். குவார்ட்டர்ஸ் முழுக்க அதே பேச்சு.

அடுத்த நவராத்திரியில் ஏழு படி மூன்றாகியிருந்தது. மிச்ச இடத்தில் இன்னும் பெரிய தொட்டி. கண்ணாடியில் சந்தனம், குங்குமம்.

"கும்பிட்டுக்கோங்க," என்றார் அம்மாள்.

கையைக் கூப்பிக்கொண்டு மணலில் தேடினேன். எந்த மூலையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததோ, இன்றுவரை தெரியவில்லை.