பிளக்காமல் வைத்திருந்த வலது கை

நாலாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் எழுத வந்ததைப் பெரியவர்கள் பொறுக்க வேண்டும். பேய், ஆவி என்று யாராவது சொன்னால் உள்ளுக்குள் சிரிக்கிறவளாகத்தான் இருந்தேன். நீங்களும் சிரிக்கலாம், பரவாயில்லை.

என் வீட்டுக்காரர் யுத்தத்தின்போது கிழக்கு ஆப்பிரிக்காவில், பட்டாளத்து ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப் போடும் வேலை பார்த்தார். அங்கே கால் அழுகிக் கிடந்த சிப்பாய் ஒருவரை இரண்டு மாதம் கவனித்துப் பிழைக்க வைத்தார். அந்தச் சிப்பாய் அந்தக் கண்டத்தின் மேற்குப் பக்கத்து இபோ இனத்தவராம். நன்றிக்கு ஒரு மரப்பொம்மை செதுக்கிக் கொடுத்தார். முழ உயரம், தலையில் இரண்டு கொம்பு, வலது கையில் கத்தி. இக்கெங்கா என்று பெயர். அவர்கள் ஊரில் ஆண்பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று உண்டாம். அவனைக் காப்பதும், எடுத்த காரியத்தை முடித்துக் கொடுப்பதும் அதுதானாம்.

இவர் ஊர் திரும்பிய பிறகும் தினம் காலையில் அதன் முன்னால் ஒரு கொட்டைப்பாக்கு வைப்பார்.

“மாட்டுச் சாமிக்குப் புல்லு வைக்காம பாக்கா வைக்குதிய?” என்பேன்.

“சாமி இல்லளா, இது என் வலது கை. நான் செத்தா இதை ரெண்டாப் பொளந்துரணும். இல்லன்னா நான் போக முடியாதாம்.”

“விடிஞ்சதும் என்ன பேச்சு பேசுதிய!”

ஊர் திரும்பிய ஆறே மாதத்தில் அவருக்கு விஷக்காய்ச்சல் வந்தது. மூன்று நாள் இருமினார், போய்விட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பொம்மையைப் பிளக்க எனக்கு மனம் வரவில்லை.

பதினாறு கழிந்து எல்லோரும் போனபின், ஒரு மத்தியானம் பொம்மை இருந்த உள்ளறையில் அவர் தொண்டையைச் செருமினார். நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயமே வரவில்லை. விடிந்தால் அடைந்தால் ஒரு குரல் கேட்காத வீடு அது. மறுநாளும் செருமினார். பிறகு அந்த நேரத்துக்காகவே காத்திருந்தேன், காய் நறுக்கியபடி இன்றைக்கு என்ன குழம்பு என்று சொல்வேன். பைய பைய அது இருமலாயிற்று. அந்தக் கடைசி மூன்று நாள் இருமல், மூச்சு வாங்க இடம் கொடுக்காத இருமல். அடுத்த வீட்டிலிருந்து கொழுந்தனாரைக் கூப்பிட்டேன்.

அவர் காது கொடுத்துப் பார்த்துவிட்டு, “எனக்கு ஒண்ணும் கேக்கலியே மதினி. ரெண்டு நாள் எங்க வீட்ல வந்து இருங்க” என்றார்.

கொழுந்தனார் நிற்கும்போதும் எனக்கு இருமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எனக்குத் துணை வேண்டும் என்பதற்காக என் வீட்டுக்காரரைத் தினமும் சாகவைக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

கொழுந்தனார் போனதும் விறகுக் கோடாலியை எடுத்தேன். ஓங்கியபோது இருமல் நின்றது, பொறுத்துக்கொண்டு இருப்பவர் மாதிரி. ஒரே போடில் பிளந்தது. காய்ந்த மரம்தான், ஆனால் உள்பக்கம் காய்ச்சல்காரர் நெஞ்சு போலச் சுட்டது. விளக்கு வைக்கும்வரை ஆறவில்லை. அதன் உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது. அது நிம்மதியா, என்மேல் வருத்தமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் கொழுந்தனார் இரண்டு பாதியையும் குறுக்குத்துறையில் ஆற்றில் விட்டுவிட்டு வந்தார். வீட்டில் உப்புத் தீர்ந்திருந்தது, அதையும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.