வைத்த கறையும் துடைத்த கையும்

சலவைக்கடைக்காரருக்குத் தெருவில் 'கறைக்கு எமன்' என்று பெயர். மையோ மஞ்சளோ, அவர் கை பட்டால் ஓட்டமெடுக்கும். அப்பேர்ப்பட்டவர் ஒரு பொம்மைப் போர் விமானத்தின் பாகங்களை ஒட்டி, பச்சை வண்ணம் பூசி, பல காலம் பறந்து அழுக்கேறியதுபோல் காட்ட ஆசைப்பட்டார். இன்ஜினுக்கு அடியில் தூரிகையால் கருப்பாக ஒரு எண்ணெய்க் கறை வைப்பார்; மறுகணமே பழக்கதோஷத்தில் கை துணியை எடுத்துத் துடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே கூத்து.

"ஏங்க, அது இன்னும் கடையிலேர்ந்து இறங்கின மாதிரியே பளபளன்னு இருக்கே!" என்றாள் மனைவி.

"நான் என்ன பண்றது? கை கேக்க மாட்டேங்குது."

"தள்ளுங்க, நான் பாக்கறேன்."

அவர் அப்போதுதான் வைத்திருந்த ஈரப் புள்ளியில் விரலை வைத்து, வால் பக்கமாக ஒரே இழுப்பு இழுத்தாள். பறக்கும்போது காற்றில் பின்னால் வழிந்த எண்ணெயேதான்! அவர் கை துணியைத் தேடியது. அவளோ அதற்கு முன்பே துணியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் குனிந்து அந்தக் கறையைப் பார்த்தார்; அசலாகவே இருந்தது. பிறகு விமானத்தைத் திருப்பி வைத்து, "இந்தப் பக்கமும் ஒண்ணு போட்டுக் குடேன்," என்றார், அவசரமாகச் சட்டையை வெளுக்கக் கொடுக்க வந்த வாடிக்கையாளர்போல வெகு பணிவாக.