ஆர்கிரிஸ் வெர்காஸின் மன்னிப்புக் கடிதம்

என் அண்ணன் ஆர்கிரிஸ் வெர்காஸைப் போன செவ்வாய்க்கிழமை புதைத்தோம். ஊர்ச்சபைத் தலைவர் குழியருகே நின்று, "கொள்கைக்காகத் துன்பப்பட்டவர்" என்று கால் மணி நேரம் பேசினார். அண்ணனுக்குக் கொள்கை என்று எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியாது. லாரி ஓட்ட வேண்டும், பீன்ஸ் சூப்பில் மிளகாய் தூக்கலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கொள்கையை அவன் மேல் ஒட்டியது போலீஸ் நிலையம்.

எங்கள் பக்கம் மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயரைத்தான் வைப்பார்கள். அதனால் பெரியப்பா மகனும் ஆர்கிரிஸ் வெர்காஸ், என் அண்ணனும் ஆர்கிரிஸ் வெர்காஸ். பெரியப்பா மகன் உள்நாட்டுப் போரில் கம்யூனிஸ்டுகளோடு மலையேறினான். நாற்பத்தொன்பதில் அவர்கள் தோற்றதும் எல்லை தாண்டிப் போய்விட்டான். உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தகவல் இல்லை. என் அண்ணன் மலைக்குப் போனது விறகுக்கு மட்டும்.

ஊரில் ஆடு மேய்ப்பவர்களுக்கும் தெரிந்த இந்த வித்தியாசம் சார்ஜென்ட் மவ்ரிதிஸுக்குப் புரியவில்லை. அவரிடம் ஒரு பெயருக்கு ஒரு கோப்புதான் உண்டு. அப்பா பெயர் வேறு என்று அண்ணன் எடுத்துச் சொன்னால், அப்பனையே மாற்றிச் சொல்வதுதான் கம்யூனிஸ்டு புத்தி என்பார்.

அந்தக் காலத்தில் போலீஸ் தரும் தேசப்பற்றுச் சான்றிதழ் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. அண்ணனுக்கு லாரி உரிமத்தை இரண்டு முறை மறுத்தார்கள். அமெரிக்கா உதவியாக அனுப்பிய கோவேறு கழுதைகளில் ஒன்றை ஊர்ச்சபையிடம் வாடகைக்கு எடுத்து விறகு சுமந்தான். ஒருநாள் அதை நிலைய வாசலிலேயே நிறுத்தினான்.

"சார்ஜென்ட் ஐயா, இதுக்கு அமெரிக்கா முத்திர போட்ட காயிதம் இருக்கு. எனக்குத்தான் இல்ல. லாரிய இது ஓட்டட்டும், வெறக நான் சொமக்குறேன்."

"வாய் நீளுதுடா. மாஸ்கோவுல சொல்லிக் குடுத்தானுங்களா?"

"மாஸ்கோ எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாதுங்க."

சார்ஜென்ட்டுக்கும் தெரிந்திருக்காது.

ஐம்பத்திரண்டில் எனக்கு ஆசிரியர் கல்லூரியில் இடம் கிடைத்தது. குடும்பத்தில் களங்கமில்லை என்று செப்டம்பருக்குள் சான்றிதழ் தர வேண்டும். மலைக்குப் போனதற்கு வருந்துவதாக அண்ணன் எழுதிக் கொடுத்தால் தருகிறேன் என்றார் சார்ஜென்ட்.

"நான்தான் போகவே இல்லையே."

"போகலைன்னா மன்னிப்பு கேக்குறதுல உனக்கென்னடா கஷ்டம்?"

இந்த மூளைதான் எங்களை ரஷ்யாவிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தது.

"வேணாம்ணே, நான் படிக்கல" என்றேன்.

"சும்மா கெட புள்ள. போய்ப் பெட்டியக் கட்டு."

கையெழுத்துப் போட்டான். அப்படிப்பட்ட கடிதங்களை ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலில் வாசிப்பது வழக்கம். பாதிரியார் மெழுகுவத்தி விலையை அறிவிக்கும் அதே குரலில் தொடங்கினார். "ஆர்கிரிஸ் வெர்காஸ் ஆகிய நான், கம்யூனிஸ்டுக் கொள்ளையரோடு சேர்ந்து நாட்டுக்குத் துரோகம் செய்ததற்கு..."

பெண்கள் பக்கத்திலிருந்து ஸ்டெர்யானி பெரியம்மா எழுந்துவிட்டாள்.

"எம்புள்ள உசுரோட இருக்கானா? சாமி, எங்கேருந்து எழுதியிருக்கான்?"

பாதிரியார் தாளைப் பார்த்தார். சார்ஜென்ட் மேலே வாசிக்கும்படி விரலை ஆட்டினார். அண்ணன் ஆண்கள் பக்கத்திலிருந்து நடுவழியைக் கடந்து வந்தான்.

"பெரியம்மா, அது நான். என்னத்தான் எழுதச் சொன்னாங்க."

"நீ எப்படா மலைக்குப் போன?"

"போகல."

"அப்பறம் எதுக்கு மன்னிப்பு?"

பெரியம்மா அவன் சட்டையைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தாள். கோயிலில் இருந்த அத்தனை பேரும் அந்தக் கடிதம் பொய் என்பதைக் கேட்டுவிட்டார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அவர்களில் பாதிப் பேர்தான் போன செவ்வாய் குழியருகே மலர்வளையத்தோடு வந்து நின்றார்கள்.

சான்றிதழ் மறுநாளே வந்தது. திருந்தியவர்கள் எண்ணிக்கையை மேலிடத்துக்கு அனுப்பும் அவசரம் சார்ஜென்ட்டுக்கு. கடிதம் மாவட்டப் பத்திரிகையிலும் அச்சானது. நான் கல்லூரிக்குப் போனேன். அந்த நிலையத்தின் படியை அண்ணன் மறுபடி மிதிக்கவில்லை, லாரியும் ஓட்டவில்லை.

ஐம்பத்தேழில் தாஷ்கண்டிலிருந்து பெரியம்மாவுக்குக் கடிதம் வந்தது. மகன் உயிரோடு இருந்தான். எழுத்தறியாத அவளுக்கு நான்தான் வாசித்தேன். எங்கள் மாவட்டப் பத்திரிகை எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்ட துரோகி என்று கூட்டம் போட்டு அவனைக் கட்சியிலிருந்து நீக்கி, பட்டறை வேலையையும் பறித்து, கால்வாய் வெட்ட அனுப்பிவிட்டார்கள். தாஷ்கண்டில் இருப்பவன் இங்கே எப்படிக் கையெழுத்துப் போட்டிருக்க முடியும் என்று அங்கேயும் எந்த அறிவாளிக்கும் கேட்கத் தோன்றவில்லை. அங்கேயும் ஒரு பெயருக்கு ஒரு கோப்புதான்.

கடைசி வரி அண்ணனுக்கு: "பேப்பரப் பாத்ததுமே நீதான்னு தெரிஞ்சுபோச்சு. சும்மா நீ கையெழுத்துப் போட மாட்ட. தங்கச்சிக்காகவா?"

அண்ணன் அதை மூன்று முறை வாசிக்கச் சொன்னான். பிறகு பதில் எழுதச் சொன்னான்.

"ஆமான்னு எழுது. டீச்சராயிட்டான்னு எழுது. வேற எதுவும் எழுதாத, ரெண்டு பக்கத்துப் போலீசுக்காரனுங்களும் படிப்பானுங்க."