வண்டிப்பாதை என்று நான் சொன்ன இடம்

பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எந்த ஊரைப் பற்றிப் பேச்சு வந்தாலும், அந்த ஊருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்றுதான் அவன் மூளை கேட்கும். ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆகியும் எனக்கு அது போகவில்லை. குடவாசலைச் சுற்றியுள்ள ஊர்களை நான் அப்படித்தான் தெரிந்து வைத்திருக்கிறேன். காலை ஏழு மணி வாக்கில் தஞ்சாவூருக்கு நேர் பஸ் இருந்த ஊர்களில் கொஞ்ச காலத்திலேயே நர்ஸ், டீச்சர், பேங்கில் வேலை என்று பெண்கள் கிளம்பிவிட்டார்கள். ஒன்பதரைக்கு முதல் பஸ் வந்த ஊர்களில் பையன்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள், பெண்கள் நடவுக்குப் போனார்கள். பஸ்ஸே போகாத ஊரில் பெண் எடுப்பார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள்.

இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. பஸ் வருகிற நேரத்தையும் கிளம்புகிற நேரத்தையும் எழுதிக்கொண்டே பார்த்தது. அதனால் ரோடு, பஸ், போக்குவரத்து என்று யார் பேச்செடுத்தாலும் நடுவில் புகுந்து பேசுவேன். ஊரிலும் என்னைக் கெடுத்து வைத்திருந்தார்கள். ரோடு விஷயமா, டைம்கீப்பர் சாரைக் கேளு என்பார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறுவதற்கு அது போதாதா?

அப்படிப்பட்ட என் ஊருக்குப் பக்கத்தில் நாலுவழிச் சாலை வரப்போகிறது என்றதும் நான் தரையில் நிற்கவில்லை. எங்கள் ஊர் அதுவரை மூன்று வளைவு தாண்டி உள்ளே ஒடுங்கிக் கிடந்தது. இந்தப் பக்கத்துப் பழைய ரோடுகள் எல்லாமே ஆற்றங்கரையோடு போகிறவை. ஆறு வளைந்தால் ரோடும் வளையும். தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே போகும், ரோடும் கூடவே போகும், இரண்டுக்கும் தகராறு கிடையாது. ரயில் பாதை போட்டபோதுதான் தண்ணீருக்குக் குறுக்கே முதல் மேடு விழுந்தது. அதைப் போட்டவர்கள் நூறடிக்கு ஒரு குட்டிப் பாலம் கட்டி வைத்திருந்தார்கள். காய்ந்த தரைக்கு எதற்குடா பாலம் என்று பள்ளிக்கூடம் போகும்போது நாங்கள் சிரித்திருக்கிறோம். நாலுவழிச் சாலையோ யாரையும் கேட்டு வளைவதில்லை. தெற்கே ஓர் ஊர், வடக்கே ஓர் ஊர், நடுவில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு கோடு. ஆளுயர மண்மேட்டின் மேல் அது எங்கள் வயல்களுக்குக் குறுக்கே போகப்போகிறது.

அளக்க வந்தது ஒரு சித்திரை மாதம். நல்ல வெயில். சர்வே செய்ய வந்த இளைஞன் கையில் வரைபடத்தோடு வரப்பில் நடந்தான். நான் முன்னால் நடந்தேன். ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் பின்னால் வந்தார்கள். பாசன வாய்க்கால் ஒவ்வொன்றுக்கும் பேர் சொல்லி, இங்கே ஒரு பாலம், அங்கே ஒரு பாலம் என்று ஒன்று விடாமல் எழுத வைத்தோம். தண்ணீர் வருகிற வழி என்றால் எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைகூட சண்டைக்கு நிற்கும். தலைமுறை தலைமுறையாக மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்று வானத்தையும் பேப்பரையும் பார்த்தவர்கள் நாங்கள். வந்த தண்ணீர் எப்படி வெளியே போகும் என்பதை யாரும் அவ்வளவாக நினைத்ததில்லை.

என் வயலைத் தாண்டியதும் அவன் நின்றான்.

“சார், மேப்புல இங்க ஒரு கோடு வருதே. வாய்க்காலா?”

“வாய்க்கால் இல்ல தம்பி. அது வண்டிப்பாதை. நாங்க டிராக்டர் ஓட்டுறது இதுலதான்.”

நான் பொய் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் அது வண்டிப்பாதைதான். ஒரு காலத்தில் அது வடிகால், வயலில் தேங்குகிற மழைத்தண்ணீர் கிழக்கே போவதற்கானது. ஆனால் அறுவடை மெஷின் வர ஆரம்பித்த பிறகு, அது வயலில் இறங்குவதற்காகத் தை மாதம் வடிகாலில் வைக்கோலும் மண்ணும் போட்டு மேடாக்குவோம். ஐப்பசி மழைக்கு முன்னால் அதை வெட்டி எடுத்துவிட வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. இடையில் சில வருடம் மழை சரியில்லை. வெட்டாமல் விட்டால்தான் என்ன என்று ஒரு வருடம் விட்டோம், அப்புறம் எல்லா வருடமும் விட்டோம். காட்டாமணக்கு மண்டிய ஓரங்களையும் சமன் செய்து டிராக்டர் ஓட்டிக்கொண்டோம். மெஷினுக்காகப் போட்ட மண் பாதையாகி, பாதை எங்கள் ஞாபகத்திலும் பாதையாகிவிட்டது.

அது போதாதென்று அவனிடம் நான் இன்னொன்றும் கேட்டேன். “பாலம் வேணாம் தம்பி. அந்த எடத்துல ரோட்டுக்கு ஏற எறங்க ஒரு சரிவு குடுத்தீங்கன்னா மெஷின் வரும், நெல்லு ஏத்த லாரி வரும்.” பின்னால் வந்தவர்கள் ஆமாம் சார், ஆமாம் சார் என்றார்கள். அவன் எழுதிக்கொண்டான். நான் கையெழுத்துப் போட்டேன்.

சாலை வந்தது. வந்ததும் ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டது, அதுவரை ஆற்றைப் பார்த்திருந்தது இப்போது ரோட்டைப் பார்த்தது. டீக்கடை இடம் மாறியது. வயலில் கல் நட்டு மனைப் போர்டு வைத்தார்கள். ஆம்புலன்ஸ் தஞ்சாவூர் மெடிக்கலுக்கு முன்னைவிடப் பாதி நேரத்தில் போயிற்று, என் தம்பி பிழைத்ததே அதனால்தான். லாரி வயலோரம் வந்து நின்றது. நான் கேட்டு வாங்கிய சரிவில் அது ஏறி இறங்கும்போதெல்லாம், பார்த்தீர்களா என்று யாரிடமாவது சொல்லாமல் இருந்ததில்லை.

அப்புறம் ஒரு கார்த்திகையில் நாலு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் காலை கொஞ்சம் வெறித்தது. வயலைப் பார்க்கலாம் என்று சரிவில் ஏறி ரோட்டில் நின்றேன். ரோட்டுக்குக் கிழக்கே நடவுப் பயிர் முழுக்கப் பச்சையாக நின்றுகொண்டிருந்தது. மேற்கே பச்சை என்று ஒன்றுமே இல்லை. வரப்பும் தெரியவில்லை. ஊரின் ஓட்டு வீடுகள் வரைக்கும் ஒரே வெள்ளம். ஒரே வானம், ஒரே மழை, நடுவில் இருந்தது நான் நின்ற இந்த ரோடு மட்டும்தான்.

முதலில் சாலை போட்டவர்களைத்தான் திட்டினேன். வாயில் வந்தபடி திட்டினேன். அறிவுகெட்டவர்கள், ஊரை மூழ்கடித்துவிட்டார்கள் என்று பக்கத்தில் நின்றவரிடம் கத்தினேன். கத்திக்கொண்டே கீழே பார்த்தவன் அப்படியே வாயை மூடிக்கொண்டேன். மேற்கே வெகுதூரத்திலிருந்து வைக்கோலும் குப்பையும் நுரையும் ஒரே வரிசையாக, கயிறு பிடித்த மாதிரி மிதந்து வந்துகொண்டிருந்தன. தண்ணீர் தன் பழைய வழியிலேயே வந்துகொண்டிருந்தது. அந்த வரிசை நேராக வந்து, என் சரிவின் அடியில் முட்டி, அங்கேயே சுழன்றது.

ரோட்டோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டிகள் சர்சர்ரென்று போயின. எனக்கு என்ன வயசு, நான் எந்த ஊரில் பிறந்தேன், மழைத்தண்ணீர் போகிற வழி எனக்குத் தெரியாதா? தெரியாமல்தான் இருந்திருக்கிறேன். தெரியாதது மட்டுமல்ல, அந்த இடத்தில் பாலம் வேண்டாம் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன்.

நாலுவழிச் சாலையை மண்வெட்டியால் வெட்டிவிட முடியாது. அடுத்த கோடையில் ரோட்டுக்கடியில் குழாய் பதித்தார்கள், அது வேறு கதை. மூழ்கிய பயிருக்குக் கோடை வரை பொறுமை கிடையாது. நுனி தெரியாமல் ஒரு வாரம் கிடந்தால் அழுகிவிடும்.

அன்று சாயங்காலம் ஓர் அம்மா என் வீட்டுக்கு வந்தார். கீழத்தெரு. சின்ன வயதிலிருந்து ஊரில் எல்லோர் வயலிலும் நட்டவர், என் வயலிலும்தான். அவர் மகள் எங்கள் ஊருக்கும் வந்த அந்த ஏழு மணி பஸ்ஸில் தொங்கிக்கொண்டே போய் நர்ஸிங் படித்து, இப்போது குவைத்தில் இருக்கிறாள். மகள் அனுப்பியதில் போன வருடம்தான் மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர், ரோட்டுக்கு மேற்கே பள்ளத்தில் வாங்கியிருந்தார். சொந்த நிலத்தில் அவருக்கு இது முதல் சம்பா. நடவன்று ஊர்ப் பெண்களுக்கெல்லாம் அவர் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

“வாம்மா, உக்காரு” என்றேன். உட்காரவில்லை. சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது.

“சார், ஒரு மனு எழுதணும். கலெக்டர் ஆபீசுக்கு.”

ஊரில் மனு எழுதுகிறவனும் நான்தான். பேப்பரும் பேனாவும் எடுத்தேன்.

“அந்த எடத்துல வடிகால் இருந்துச்சு, அத அடைச்சு ரோடு போட்டுட்டாங்கன்னு எழுதுங்க. வடிகால் இல்லன்னு யாரு சொன்னதுன்னு கேட்டு எழுதுங்க.”

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது என்பதை இங்கே மறைக்கப்போவதில்லை. எழுதிவிட்டால் அது எங்கேயாவது ஒரு ஃபைலில் போய்ப் படுத்துக்கொள்ளும், யார் தோண்டி எடுக்கப்போகிறார்கள்? ஆனால் அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான்தாம்மா சொன்னேன்” என்றேன். “வண்டிப்பாதைன்னு நான்தான் சொன்னேன்.”

“தெரியும் சார்.”

யார் சொன்னது என்று கேட்டேன்.

“யாரும் சொல்லல. நானும் அன்னைக்கு அங்கதான் இருந்தேன். உங்க வயல்ல உளுந்து பறிச்சிட்டிருந்தோம். அந்தத் தம்பிக்கு மோர் கொண்டாரச் சொன்னீங்க. கொண்டாந்து குடுத்தது நான்தான்.”

நான் யோசித்துப் பார்த்தேன். மோர் ஞாபகம் வந்தது. அந்த டம்ளர்கூட ஞாபகம் வந்தது. நீட்டிய கை யாருடையது என்பது எனக்கு வரவே இல்லை. எவ்வளவோ முயன்றேன். வயலில் பெண்கள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

“அது வடிகால்னு உனக்குத் தெரியுமாம்மா?”

“நானும் எங்கம்மாவும் தூர் வாரின வடிகால் சார் அது. இடுப்பளவு சேத்துல நின்னு வருஷா வருஷம் வாரியிருக்கோம். எங்க ஆழம், எங்க திரும்புதுன்னு கால்லயே தெரியும்.”

“அப்ப ஏம்மா சொல்லல?”

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியின் லட்சணம் எனக்கே உறைத்தது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“நீங்க எட்டுப் பேரு நின்னு பேசிட்டிருந்தீங்க. யாரும் எங்களக் கேக்கல. நானா வந்து இல்ல, அது வடிகால்னு சொல்லியிருந்தா, நீ போயி வேலையப் பாருன்னுதான சார் சொல்லியிருப்பீங்க? நீங்க சொல்லாட்டியும் வேற யாராவது சொல்லியிருப்பாங்க. அதுமில்லாம, அன்னைக்கு அதுல என் வயலு இல்ல.”

அவர் சொன்னது சரி. நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன். இத்தனை வருடம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எந்த ஊர் எப்படி முன்னேறுகிறது என்று கணக்குப் போட்டவன், என் வயலில் நின்ற ஒருவரிடம் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வரைபடத்தில்கூட அந்தக் கோடு இருந்தது. அந்தப் பையன் வெளியூர்க்காரன், அவனுக்குக்கூடச் சந்தேகம் வந்தது.

மனுவை எழுதினேன். அந்த இடத்தில் வடிகால் இருந்தது என்றும், அதை வண்டிப்பாதை என்று தவறாகச் சொன்னவன் நான் என்றும், என் பேரைப் போட்டே எழுதினேன். எழுத எழுத அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதியோர் கல்வி வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர் அவர். இவ்வளவையும் ஒப்புக்கொண்டு எழுதிவிட்டோமே என்று எனக்கு உள்ளூர ஓர் ஆறுதல்கூட வந்தது. கடைசியில் மனுதாரர் விவரம் எழுதி, கையெழுத்துக்காக அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் பேனாவை வாங்கிக்கொள்ளவில்லை. அந்தக் கடைசி வரியில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, மெதுவாக வாய்விட்டுப் படித்தார். அவர் பேர், கணவர் பேர், தெரு. அதற்கடுத்து, முப்பது வருடம் கீழத்தெருக்காரர்களுக்கு மனு எழுதிய கை தானாகவே எழுதியிருந்தது: விவசாயக் கூலி.

“இத அடிச்சுட்டு விவசாயின்னு எழுதுங்க சார்” என்றார்.

அடித்துவிட்டு எழுதினேன். அவருடைய மூன்று மாவும் அப்போது தண்ணீருக்கடியில் இருந்தது.