தாய்வழிக் கண்

எங்கள் குடும்பத்தில் பாகப்பிரிவினை என்ற ஒன்று நிகழ்ந்ததே இல்லை. பிரிப்பதற்கு எதுவும் இருக்கவில்லை என்பது அதற்குப் போதுமான காரணம். மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்குப் பின்புறத் தெரு ஒன்றில், வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகளில் நாங்கள் இருந்தோம். ஆயினும் அப்பாவின் அக்கா, அதாவது எங்கள் அத்தை, மேற்கு மாம்பலத்திலிருந்து ஞாயிறுதோறும் வந்து ஒரு பாகப்பிரிவினையை நடத்தி முடித்த பிறகே காப்பி குடிப்பார். பிரிக்கப்பட்டவை என் உடலும் என் அக்காவின் உடலும். என் கையெழுத்தும் கணக்கறிவும் அகன்ற நெற்றியும் அப்பாவின் வீட்டைச் சேர்ந்தவை. மூக்கு, முன்கோபம், மார்கழியில் வரும் இழுப்பு ஆகியவை அம்மாவின் வீட்டிலிருந்து வந்து சேர்ந்தவை. அக்காவைப் பொறுத்தவரை வேலை இன்னும் எளிது: நீண்ட கூந்தல் அப்பா வழி, கறுத்த நிறம் அம்மா வழி. அம்மா அக்காவைவிடச் சிவந்தவள் என்பதும், அத்தை அக்காவைவிடக் கறுத்தவர் என்பதும் இத்தீர்ப்பை எவ்வகையிலும் பாதிக்கவில்லை.

நான் கல்லூரியில் விலங்கியல் பயின்றது அறிவு வேட்கையால் அன்று. மருத்துவத்துக்கு இடம் கிடைக்காதவர்கள் எழுபதுகளின் தொடக்கத்தில் சென்று சேரும் இடமாக அது இருந்தது. மூன்றாம் ஆண்டில் மரபியல் வந்தது. பால் புட்டிகளில் கனிந்த வாழைப்பழத்தை இட்டு, அதில் சின்னஞ்சிறு ஈக்களை வளர்த்து, சிவந்த கண்ணுடையவை எத்தனை, வெள்ளைக் கண்ணுடையவை எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தோம். ஈக்களின் கண்கள் எனக்குப் பெரிய பொருட்டல்ல. பிள்ளை ஒவ்வொன்றும் தாயிடமிருந்து ஒரு பாதியும் தந்தையிடமிருந்து ஒரு பாதியும் பெறுகிறது என்று ஆசிரியர் சொன்ன அன்று, அத்தையை வெல்வதற்கு எனக்கு ஓர் ஆயுதம் கிடைத்துவிட்டதாகவே எண்ணினேன்.

அடுத்த ஞாயிறு அதை எடுத்துவிட்டேன்.

“அத்தை, எதுவும் ஒரு வீட்டுச் சொத்து இல்லை. பாதி அப்பாகிட்டேருந்து, பாதி அம்மாகிட்டேருந்து. சரிபாதி.”

“சரிபாதின்னு ஒன் வாத்தியாரு சொன்னாராக்கும்?” என்றார் அத்தை. திருநெல்வேலியை விட்டு வந்து முப்பது ஆண்டுகள் ஆகியும் அவர் பேச்சு மட்டும் அங்கேயே இருந்தது. “அவரு கல்யாணத்துக்கு முந்திச் சொன்னாரா, பொறவு சொன்னாரா?”

நான் விடவில்லை. சில பண்புகள் உடலுக்குள் இருந்தும் வெளிப்படுவதில்லை என்றேன். ஓங்கு பண்பு ஒன்று கூட இருந்தால் ஒடுங்கு பண்பு வாயைத் திறக்காது. ஆனால் அழிந்துவிடாது, அடுத்த தலைமுறைக்குப் போகும் என்றேன்.

“அப்பம், ஒங்கம்மை மாதிரின்னு சொல்லு.”

அம்மா அடுக்களையில் இருந்தாள். கேட்டிருப்பாள்.

பட்டம் பெற்றதும் ரயில்வே வேலைக்கு எழுதிப் போட்டேன். எழுத்துத் தேர்வில் தேறினேன். மருத்துவப் பரிசோதனை மட்டும் எஞ்சியிருந்தது. மருத்துவர் ஒரு புத்தகத்தை விரித்தார். வட்டம் ஒன்றுக்குள் பல நிறப் புள்ளிகள். புள்ளிகளுக்கிடையில் ஓர் எண் ஒளிந்திருக்கிறதாம்.

“என்ன நம்பர் தெரியுது?”

“புள்ளிதான் சார் தெரியுது.”

“நல்லாப் பாருங்க.”

“நல்லாத் தெரியுது சார், புள்ளி.”

பன்னிரண்டு பக்கங்களைப் புரட்டிய பின் அவர் புத்தகத்தை மூடினார். “சிவப்பும் பச்சையும் உங்களுக்கு ஒண்ணு. தம்பி, ரயிலைக் கவுக்கறதுன்னா நாங்களே பாத்துக்கறோம், நீங்க வேற எதுக்கு?” என்று சிரித்துக்கொண்டே எழுதி அனுப்பிவிட்டார்.

அன்றுதான் என் பழைய குற்றங்களுக்கும் தாய்மாமாவின் குற்றம் ஒன்றுக்கும் காரணம் தெரிந்தது. மாட வீதியில் தக்காளி வாங்கி வரச் சொன்னால் பாதி காயாகவே வாங்கி வந்து திட்டு வாங்கியது. தூத்துக்குடியில் இருந்த தாய்மாமா, பச்சை என்று எண்ணி வாசற்கதவுக்குச் செங்காவி பூசிவிட்டு, ஊரே சிரித்தபோது ஊர்க்காரர்களுக்குக் கண் சரியில்லை என்று சாதித்தது. எல்லாம் ஒரே வரிசையில் வந்து நின்றன.

ஞாயிறு வந்தது, அத்தையும் வந்தார். வேலை கைநழுவிய செய்தியைக் கேட்டு உண்மையாகவே வருந்தினார். பிறகு, நான் எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டார்.

“ஏல, படிச்சிருக்கியே, சொல்லு. இது யாரு வழி?”

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பாடத்தில் முதல் வகுப்பு வாங்கியவனுக்கு உரிய அகந்தை எனக்கு இருந்தது. பெண்ணுக்கு எக்ஸ் என்னும் குரோமோசோம் இரண்டு. ஆணுக்கு ஒன்றுதான், அதுவும் தாய் தந்தது. நிறம் காணும் திறனுக்குரிய மரபணு அதில் இருக்கிறது. தாயிடம் ஒன்று பழுதானாலும் மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆகவே அவளுக்கு எல்லா நிறமும் தெரியும். பழுதான அந்த ஒன்று மகனுக்கு வந்துவிட்டால், ஈடுகட்ட அவனிடம் வேறில்லை. தகப்பனுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. இத்தனையையும் ஒழுங்காக விளக்கிவிட்டு, “அம்மா வழி” என்று முடித்தேன்.

“படிப்புன்னா இது படிப்பு!” என்றார் அத்தை. அவர் விஞ்ஞானத்தை மதித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் விரல்கள் ஒரு கணம் நின்று, பிறகு மீண்டும் நார் உரிக்கத் தொடங்கின. நான் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. யாரும் எதையும் தேர்ந்தெடுத்துப் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை என்பதும் அதே பாடத்தில்தான் இருந்தது. அதை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

அக்காவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. அடையாற்றில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தாள். அதற்கு முன் இரண்டு இடங்களிலிருந்து வந்து பார்த்துவிட்டு, “பொண்ணு நல்ல பொண்ணுதான், நிறந்தான் கொஞ்சம் கம்மி” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்றாவது இடம் அத்தை கொண்டுவந்தது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஊர்க்காரர்கள். தியாகராய நகரில் பட்டுச் சேலைக் கடை வைத்திருந்தார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை அக்காவிடம் கேட்ட ஒரே கேள்வி, “அடையாறுக்கு இங்கேருந்து நேர் பஸ் இருக்கா, மாறிப் போகணுமா?” என்பது. அவள் பஸ்ஸில் போய் வருவதை ஒரு சிரமமாக அதுவரை யாரும் கருதியதில்லை. அவர்கள் சம்மதம் சொல்லி அனுப்பிய அன்று அக்கா கண்ணாடி முன் நெடுநேரம் நின்றாள். இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது.

அத்தை எங்களை உட்காரவைத்து எச்சரித்தார். “இவன் கண்ணு விசயம் அந்த வீட்டுக்குத் தெரியப்படாது. பட்டுக் கடைக்காரவுக. நாளைக்குப் பேரன் பொறந்து பச்சையைச் செவப்புன்னு வித்தாம்னா கடை என்னத்துக்கு ஆகும்?”

அத்தையின் அச்சம் அறிவியலுக்குப் பொருந்தியே இருந்தது. பழுதான எக்ஸ் அக்காவுக்கும் வந்திருக்கச் சரிபாதி வாய்ப்பு உண்டு. நான் வாய் திறக்கவில்லை.

நிச்சயதார்த்தச் சேலையை மாப்பிள்ளை வீட்டார்தாம் எடுக்க வேண்டும். ஆனால் பெண் வீட்டாரைக் கடைக்கே அழைத்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அம்மா, அத்தை, அக்கா, நான் நால்வரும் போனோம். மாப்பிள்ளையே மெத்தையில் அமர்ந்து சேலை விரித்தார். அருகில் அவர் அம்மா. ஒவ்வொரு சேலையின் முனையிலும் நிறத்தின் பெயரை மையால் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு தைக்கப்பட்டிருந்தது. மாப்பிள்ளை அந்த முனையை முதலில் புரட்டிப் பார்த்த பிறகே, “இது மயில்கழுத்து, இது மாம்பழம்” என்று விரித்தார். தொழில் நேர்த்தி என்று எண்ணி வியந்தேன்.

அக்கா ஓர் அரக்குச் சேலையை எடுத்தாள். அதே நிறத்தில் ரவிக்கைத் துணி வேண்டும் என்றாள். ரவிக்கைத் துணிகளில் சீட்டு இல்லை. மாப்பிள்ளை குவியலில் கையை விட்டு ஒன்றை உருவிச் சேலையின் மேல் வைத்தார்.

“இதே நெறந்தான். நூலு கூட மாறாது.”

அக்கா துணியையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பெண்களுக்கு நடுவே பயனற்று நின்ற எனக்கு உதவ ஒரு வாய்ப்பு வந்ததாகத் தோன்றியது. குனிந்து பார்த்தேன்.

“ஆமா அத்தான். ரெண்டும் அப்படியே ஒண்ணு.”

சேலை மடித்துக்கொண்டிருந்த ஆள் சென்னைக்காரர். அவரால் பொறுக்க முடியவில்லை. “இன்னா சார் இது! அது அரக்கு, இது பாட்டில் பச்ச. ரெண்டும் எப்டி சார் ஒண்ணா கீது?”

“அவன் வெளையாடுதான்” என்றார் மாப்பிள்ளையின் அம்மா, மிக விரைவாக.

மாப்பிள்ளை தலை குனிந்துகொண்டார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். என் வாழ்நாளில் ஒரு நிறத்தைக் குறித்து என்னோடு ஒத்துப்போன முதல் மனிதர் அவர். அம்மாவோ எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு வந்து சேரும்வரை அத்தை அடக்கிக்கொண்டார். செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டார்.

“அதான பாத்தேன்! ரெண்டு பேரு வேண்டாம்னு போனதை இவரு மட்டும் ஏன் சரின்னாருன்னு. நெறமே தெரியாத ஆளுக்கு எவளா இருந்தா என்ன?”

இந்த இடத்தைக் கொண்டுவந்தவரே அத்தைதாம் என்பதை நினைவூட்ட யாருக்கும் தோன்றவில்லை. அக்கா கையில் சேலைப் பெட்டியோடு அப்படியே நின்றாள். பிறகு என்னிடம் வந்தாள்.

“நிஜமா? நான் கறுப்புன்னு தெரியாமத்தான் சரின்னாரா?”

விலங்கியல் படித்ததற்காக நான் முதன்முதலாக மகிழ்ந்தது அப்போதுதான்.

“அவருக்கு இருக்கறதுதான் எனக்கும் இருக்கு. சிவப்பும் பச்சையும் குழம்பும். வெளுப்பும் கறுப்பும் குழம்பாது. நீ எவ்வளவு கறுப்புன்னு எனக்கு நல்லாத் தெரியும். அவருக்கும் அதே அளவு தெரியும்.”

“எவ்வளவு கறுப்பு?”

“அத்தையைவிடக் கொஞ்சம் கம்மி.”

அக்கா சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சேலைப் பெட்டியின் மூடியிலேயே படம் போட்டுக் காட்டச் சொன்னாள். போட்டேன். அவளிடம் பழுதில்லை என்றால் பிள்ளைகள் எல்லோருக்கும் கண் சரியாக இருக்கும். இருந்தால், ஆண்களில் பாதிப் பேருக்கு வரலாம், பெண்களிலும் பாதிப் பேருக்கு வரலாம். பையனுக்கு வந்தால் அது தாய் வழி மட்டும். பெண்ணுக்கு வர வேண்டுமானால் தாயும் தகப்பனும் ஆளுக்கொன்று தந்தாக வேண்டும்.

“அப்போ பொண்ணே பொறக்கட்டும்” என்றாள். “என்ன ஆனாலும் ரெண்டு வீட்டுக்கும் பொறுப்பு இருக்கும்.”

“நல்ல கதை!” என்றார் அத்தை. “அவுக மறைச்சாவ, நாம மறைச்சோம். கணக்குத் தீந்துது. இதோட விடுங்க. ஒருத்தரும் வாயைத் தொறக்கப்படாது.”

“நான் சொல்லுதேன் மதினி.”

குரல் யாருடையது என்று உணர எங்களுக்குச் சற்று நேரம் ஆயிற்று. அம்மா எழுந்து நின்றிருந்தாள். “என் வழியா வந்தது. நானே போய்ச் சொல்லுதேன்” என்றாள்.

மறுநாள் காலையிலேயே தனியாகப் பஸ் ஏறிப் போனாள். அவள் திரும்பும்வரை அக்கா அலுவலகத்துக்குப் போகவில்லை. நடுப்பகலில் வந்த அம்மா, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை எங்களைக் காக்கவைத்தாள்.

“கல்யாணத்தத் தை மாசமே வச்சுக்கலாங்காவ” என்றாள் பிறகு.

“கண்ணு விசயம்?” என்றாள் அக்கா.

“சொன்னேன். அந்தம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டா. ‘எங்க வீட்டுலயும் ஒரு நாத்தனா உண்டு மதினி’ன்னா.”

அதற்கு மேல் அவர்கள் என்ன பேசினார்கள் என்று அம்மா சொன்னதில்லை.

அடுத்த ஞாயிறு அத்தை வந்து, சம்பந்தத்தைக் கொண்டுவந்த பெருமையை ஏற்றுக்கொண்டு காப்பி குடித்தார். பாகப்பிரிவினை அன்று நடைபெறவில்லை. அவர் திருந்திவிட்டார் என்று சொல்ல மாட்டேன். சில பண்புகள் ஒரு தலைமுறைக்குள் மாறுவதில்லை.

நிச்சயதார்த்தத்தன்று அக்கா அரக்குச் சேலைக்கு அந்தப் பாட்டில் பச்சைத் துணியிலேயே ரவிக்கை தைத்து உடுத்தினாள். கடையில் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள், அவள் மறுத்துவிட்டாள். வந்திருந்த பெண்கள் அதைப் பற்றி என்ன பேசினார்கள் என்பதை நான் கேட்காமல் இல்லை. ஆனால் அந்நாளின் புகைப்படம் ஒன்றுதான் எங்களிடம் எஞ்சியிருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம். அதில் சேலையும் ரவிக்கையும் ஒரே நிறம், நூல்கூட மாறாமல்.